வாசலுக்கு வராத மச்சான்

ஏழுமலை வாத்தியார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் அவர் மகன் செல்வம் பேசினான். "அப்பா தவறிட்டாரு சார். காலைல காபி குடிச்சாரு, அப்படியே சாய்ஞ்சாரு, அவ்ளோதான்" என்றான். சரிப்பா, வர்றேன் என்றேன். மிச்சமிருந்த முட்டைகளையும் உரித்து முடித்தேன். கையைக் கழுவினேன். லீவு எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வானூரிலிருந்து மரக்காணம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அழுகை வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரைக்கும் வரவில்லை.

அவருடைய பழைய மாணவர்கள் படத்திறப்புக்கு ஒரு சிறு மலர் போடுகிறார்கள். நீங்கள்தான் அவரோடு அதிக காலம் வேலை பார்த்தவர், நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவரைப் பற்றி எழுத நல்லது எவ்வளவோ இருக்கிறது. என்னைப் பற்றி எழுதத்தான் இல்லை. அவரை அறிந்த நீங்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். நாலு வரியில் இது அடங்காது.

பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா போனவர் அவர். சண்டையைப் பற்றிக் கேட்டால் துப்பாக்கி, குண்டு எதுவும் வராது. சேறு, அட்டை, கால்புண் மூன்றும்தான் வரும். கூட இருந்த ஒருவன் பத்து நாள் பூட்ஸைக் கழற்றாமல் நடந்தானாம், கழற்றியபோது தோலும் கூடவே வந்ததாம். தினமும் சாயங்காலம் வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவன் காலையும் பார்ப்பார்களாம். "பட்டாளத்துல துப்பாக்கிக்கு அப்புறம் காலுதான். கால் போச்சுன்னா ஆள் போச்சு" என்பார். சண்டை முடிந்து ஊர் திரும்பி, டிரெயினிங் முடித்து வாத்தியாராகி, உப்பளத்து ஓரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன பாதங்களோடு வரும் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அவர் குனிந்து ஒவ்வொரு காலையும் பார்ப்பார். எண்ணெய் போட்டால்தான் உள்ளே போகலாம். காலில் புண் என்றால் அன்றைக்கு வீட்டுப்பாடம் கேட்கமாட்டார். வீட்டுப்பாடத்துக்குப் பயந்து புண்ணை வளர்த்த பிள்ளைகளும் உண்டு.

உப்பு எடுக்கிற காலத்தில் எங்கள் பள்ளி வேறு நேரத்தில் நடந்தது என்பது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரியாக வேண்டும். விடியுமுன்பே குடும்பத்தோடு உப்பளத்துக்குப் போவார்கள், பிள்ளைகளும் போவார்கள். திரும்ப ஒன்பது, பத்து ஆகிவிடும். ஒன்பதரைக்கு மணி அடித்தால் வகுப்பில் நாங்கள்தான் உட்கார்ந்திருப்போம். "பசங்க வராத நேரத்துல அடிச்சா அது கோயில் மணிப்பா, பள்ளிக்கூட மணி இல்லை" என்று சொல்லி, தை மாதத்திலிருந்து ஆவணி வரைக்கும் மணியைப் பத்தரைக்கு மாற்றினார். குறைந்த நேரத்தைச் சாயங்காலம் ஐந்தரை வரை நடத்தி ஈடுகட்டினார். வருகைப் பதிவேட்டில் மட்டும் ஒன்பதரைக்கே எல்லோரும் வந்ததாக இருக்கும். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் அவர் வேறு ஆள். அஞ்சலை அம்மாளுக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. அதனால் தண்ணீர் இறைப்பதும் வீடு பெருக்குவதும் அவர் வேலை. மகள் உமாவுக்குக் காலையில் தலை வாரிப் பின்னிவிடுவதும் அவர்தான். இரட்டைச் சடை, இரண்டும் அளவெடுத்து வைத்தது போல ஒரே நீளம். வாத்தியார் பொம்பளை வேலை பார்க்கிறார் என்று டீக்கடையில் ஒருவர் கிண்டல் செய்தபோது, "உன் பொண்ணையும் அனுப்பு, பின்னி விடறேன்" என்றார். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஒரு ராத்திரி வெளியூரில் தங்கமாட்டார். பர்மாவில் தங்கியதே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்பார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எமர்ஜென்சி சமயத்தில். இருபத்துமூன்று வயது, புதிதாகக் கல்யாணம் ஆனவன். வானூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போகும் பஸ் மாலை நாலே காலுக்கு. அதை விட்டால் ஏழரைக்குத்தான். உப்புக் காலம் முழுக்க நான் அந்த நாலே கால் பஸ்ஸைப் பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் மனைவி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். வாத்தியாரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மாசியும் பங்குனியும் பொறுத்துக்கோப்பா என்றார். சித்திரை வந்தது. நான் பொறுக்கவில்லை. மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினேன். கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். பள்ளி நேரத்துக்கு நடப்பதில்லை, பதிவேடு பொய் என்று நாலு வரி, கீழே 'இப்படிக்கு, ஊர் நலம் விரும்பி'. ஒரு விசாரணை வரும், மணி ஒன்பதரைக்கு மாறும், நான் நாலே கால் பஸ் ஏறலாம் என்பதுதான் என் கணக்கு. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ரயிலெல்லாம் நேரத்துக்கு வருகிறது என்று பெருமையாகப் பேசிய காலம் அது. அதிகாரி ஜீப்பில் ஒன்பதரைக்கே வந்து நின்றார். பள்ளியில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பதிவேட்டில் எல்லோரும் இருந்தார்கள். வாத்தியார் எதையும் மறைக்கவில்லை, நான்தான் நேரத்தை மாற்றினேன் என்றார். பத்து நாளில் செஞ்சிக்கும் மேற்கே ஒரு மலையடிக் கிராமத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். உமா இரண்டு வருஷம் தலையைக் கொண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

அஞ்சலை அம்மாளுக்கு முனுசாமி என்று ஒரு தம்பி. உப்பளத்தில் மேஸ்திரி. பிள்ளைகளைப் பத்து மணிக்கு மேலும் வேலையில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார், வாத்தியார் விடமாட்டார். அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்புதான், ஸ்கூலுக்கு ஆப்பு வைக்கிறேன் பாரு மாமா என்று டீக்கடையில் எல்லோர் காதும் கேட்கச் சொல்லியிருந்தார். மொட்டைக் கடிதாசியை அதிகாரி வாத்தியாரிடம் காட்டினார். கோணலும் மாணலுமான எழுத்து. முனுசாமிக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது, வாத்தியார்தான் மச்சானை உட்கார வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தவர். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, "நான் கத்துக்குடுத்த எழுத்துலயே எனக்குக் குழி வெட்டிட்டான்பா" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் இடது கை எழுத்து இன்னொருவர் எழுத்தாகிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதை மறைத்து என்ன பயன்?

முனுசாமி இனிமேல் தன் வாசலில் கால் வைக்கக்கூடாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அஞ்சலை அம்மாளுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரே தம்பி. அம்மாள் அழுதார், சண்டை போட்டார், பிறகு விட்டுவிட்டார். புருஷன் செய்கிற எல்லாவற்றையும் சரி என்று நினைத்த அம்மாள் இதை மட்டும் சரி என்று ஒருநாளும் சொல்லவில்லை.

மணி ஒன்பதரைக்கு மாறியது. நான் நாலே கால் பஸ்ஸில் போனேன். வாளியும் எண்ணெய்க் கிண்ணமும் போயின. உப்பளத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து வாத்தியார் அதே பள்ளிக்குத் திரும்பி வந்து, வீடு வீடாகப் போய்ச் சிலரை இழுத்து வந்தார். சிலர் வரவே இல்லை. இப்போது அவர்களுக்கு நாற்பது வயதாகிறது, கோயில் திருவிழாவில் பார்த்தால் சார் என்று கும்பிடுகிறார்கள். இந்த மலரை அவர்களால் படிக்க முடியாது.

திரும்பி வந்தவர் என்னை முன்பைவிட நெருக்கமாக வைத்துக்கொண்டார். அவர் இல்லாத இரண்டு வருஷமும் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சியில் செய்ததை அவர் அன்பு என்று எடுத்துக்கொண்டார். பிறகு அது அன்பாகவும் ஆகிவிட்டது. சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. இன்று வேண்டாம், அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று தள்ளுவேன். இன்னொரு நாள், பாவம் வருத்தத்தில் இருக்கிறார் என்று தள்ளுவேன். தள்ளுவதற்கா காரணம் இல்லை?

உமாவின் கல்யாணத்தில் எனக்கு நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. பெண்ணுக்குத் தாய்மாமன்தான் நெற்றியில் பட்டம் கட்டவேண்டும். முனுசாமி சீர்த்தட்டோடு வந்தார், தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். வாத்தியார் என் தோளில் கை போட்டு, "கோவிந்து, நீ வந்து நில்லு. எனக்கு நீதான் மச்சான்" என்றார். மேடைக்குப் போகும் வழியில் பத்தடி தூரம் இருந்தது. அந்தப் பத்தடியில் சொல்லியிருக்கலாம். நான் மேடையேறிப் பட்டம் கட்டினேன். அஞ்சலை அம்மாள் சமையல் கூடத்திலிருந்து வெளியே வரவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாத்தியாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டதும் முனுசாமி உப்பு மூட்டை ஏற்றும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். தெருவுக்கு வந்து நின்ற அக்காவைத் தூக்கி ஏற்றினார். ஏறு மாமா என்றார். வாத்தியார் ஏறவில்லை. "கடலே வருதுங்க, இவரு ரோஷத்தைப் பிடிச்சுக்கிட்டு டிராக்டருக்குப் பின்னாடி நடந்து வர்றாரு" என்று அஞ்சலை அம்மாள் பிற்பாடு சொன்னார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். முனுசாமி அவருக்காக டிராக்டரை மெதுவாகவே ஓட்டினாராம். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வராததால் பிழைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது எல்லாவற்றையும் வாத்தியார்தான் பார்த்துக்கொண்டார். கடலோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பழையபடி கால்களைப் பார்த்தார். கண்ணாடியும் முள்ளும் குத்திய கால்கள். முனுசாமி அரிசி மூட்டை கொண்டுவந்தார். வாத்தியார் முகாமுக்கு வாங்கிக்கொண்டார், வீட்டுக்கென்று தனியாகக் கொண்டுவந்ததைத் திருப்பிவிட்டார். நான் மூன்றாம் நாள் பழைய துணிகளோடு போனேன். வாத்தியாருக்கு ராத்திரி பகலாய்த் தூங்காத முகம். ஒருநாள் முகாமில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சார், அந்தக் கடிதாசி விஷயம் என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "உனக்கு நல்ல மனசு, அவனுக்காகப் பேச வர்றே. செத்தவங்க பேரையே இன்னும் எழுதி முடியலை. அதை விடுப்பா" என்றார். நான் விட்டுவிட்டேன். விடச் சொன்னவர் மேல் எனக்கு அப்போது நன்றிகூட இருந்தது.

அவர் செத்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. எண்பது வயது, பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு என்று மேளம் பலமாக இருந்தது. குளிப்பாட்டி, பட்டாளத்தில் இருந்தவர் என்று தேசியக் கொடி போர்த்தி வைத்திருந்தார்கள். காலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எடுப்பதற்கு முன்னால் தாய்வீட்டுக் கோடி போடவேண்டும். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் புதுப்புடவை கொண்டுவந்து போர்த்துவது நம் பக்கத்து வழக்கம். முனுசாமி தெருமுனைப் பூவரச மரத்தடியில் புடவைப் பையோடு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர். யாரோ ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டார்கள், உட்காரவில்லை. தான் செத்தாலும் அவன் கோடி வாசலுக்கு வரக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். செல்வம் அப்பா வார்த்தையை மீறுகிற பிள்ளை இல்லை. அஞ்சலை அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். 

பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஏன் சார், உமா கல்யாணத்துல மாமனா நின்னு பட்டம் கட்டினது நீங்கதான. நீங்களே கோடியைப் போட்டுடுங்க. நேரம் ஆவுது" என்றார். செல்வமும், அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும் சார் என்றான். அதற்குள் கடைக்கு ஆள் அனுப்பிப் புடவையும் வாங்கி வந்திருந்தார்கள். என் கையில் வைத்தார்கள்.

"செல்வம், அந்த மொட்டைக் கடிதாசியை உங்க மாமா எழுதலை. நான் எழுதினது" என்றேன். மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. என்ன சார் என்று காதைக் கிட்டே கொண்டுவந்தான். மறுபடியும் சொன்னேன். அவன் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினான். மூன்றாவது தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டியதாயிற்று.

"எதுக்கு சார்?" என்று கேட்டான்.

"நாலே கால் பஸ்ஸுக்கு" என்றேன்.

அவன் என்னை அடித்திருக்கலாம். கையிலிருந்த புடவையை மட்டும் வாங்கிக்கொண்டான். அஞ்சலை அம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. மகனிடம், "போய் உங்க மாமனைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

முனுசாமி செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். வாசல்படியில் கொஞ்சம் தயங்கினார். முப்பது வருஷமாக மிதிக்காத படி. அக்கா தோளில் கோடியைப் போர்த்தினார். பிறகு வாத்தியார் தலைமாட்டில் உட்கார்ந்து, "மாமா, நான் வந்துட்டேன்" என்றார். அவர் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்து அழுதார்கள். நான் தூணோரம் நின்றேன். பாடை தூக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. எல்லோரும் போன பிறகு பஸ் ஏறினேன்.

பதினைந்து நாள் கழித்து முனுசாமி டிவிஎஸ் வண்டியில் என் வீட்டுக்கு வந்தார். நாளைக்குக் காரியம், அக்கா வரச் சொன்னதாகச் சொன்னார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "நான் எழுதலைன்னு மாமாகிட்ட ஒரு தடவை சொன்னேன். நம்பலை. ரெண்டாவது தடவை சொல்ல எனக்கும் ரோஷம்" என்றார். அதற்குப் பிறகு உப்பு விலை, வெயில் என்று ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

காரியத்துக்குப் போனேன். சில பேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள், அது நியாயம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். அஞ்சலை அம்மாள் தம்பி கோடி போட்ட அதே புடவையில், குனிய முடியாத இடுப்போடு, இலை அருகே வந்து நின்றார். நான் எழுந்திருக்கப் போனேன். உட்காரச் சொன்னார்.

"முப்பது வருஷத்துல அவரு உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை. சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். அவரிடமிருந்து என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மலர் போடுகிறவர்கள் கேட்டிருந்தார்கள். பேனா, கடிகாரம், புகைப்படம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் கொடுத்த நல்ல பேர் ஒன்று இருக்கிறது. அது எனக்குச் சேர வேண்டியது இல்லை. திருப்பிக் கொடுக்க அவர் இல்லை.